‘சேட்’டுக்கும் ‘டிப்ரஸ்டு’க்கும் நடுவே

நம்பிக்கையிழப்பையும் துக்கத்தையும் சொல்ல ஆங்கிலத்தில் என்னென்ன வார்த்தைகள் இருக்கின்றன என்பது உங்கள் கேள்வியின் தலைப்பு. ஆனால் அதன் கீழே நீங்கள் எழுதியிருக்கும் நாலைந்து வரிகள்தான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பா தவறி நான்கு மாதம் ஆகிறது. சென்னையில் ஐ.டி. வேலை, மேலாளர் இங்கிலாந்தில். வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் அவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். வருத்தமாக இருக்கிறேன் என்ற பொருளில் "சேட்" என்று சொன்னால் விஷயம் சின்னதாகிவிடுகிறது. ஒருமுறை "டிப்ரஸ்டு" என்று சொன்னதற்கு, மனிதவளத் துறையிலிருந்து மனநல ஆலோசகரின் எண் வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் வார்த்தையே கிடையாதா என்கிறீர்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் ஒரு சமச்சொல் அகராதியை இங்கே இறக்கிவைத்தால் உங்களுக்கு எந்தப் பயனும் இருக்காது. அதிலிருந்து கனமான ஒரு சொல்லைப் பொறுக்கி மேலாளரிடம் சொன்னீர்களானால், இப்போது இருக்கும் குழப்பம் இன்னும் கூடும்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தவன். பிறகு பல வருடங்களாக, வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குப் போகும் செவிலியர்களை ஓ.இ.டி. என்ற, மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்துவருகிறேன். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் இரண்டு உரையாடல்களை நடித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சூழலை விவரிக்கும் அட்டையைப் படித்துத் தயாராக 3 நிமிடம், பேச சுமார் 5 நிமிடம். எதிரே உட்கார்ந்திருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். பயப்படுவார், குரல் உடைவார், "இனி என்ன இருக்கிறது" என்பார். அதனால் ஆங்கிலத்தில் துக்கத்தை எப்படிச் சொல்கிறார்கள், எப்படிக் கேட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் என் அன்றாடப் பாடம். மனநல மருத்துவம் என் துறை அல்ல. அந்தப் பக்கம் வரும்போது, பொதுவில் எல்லோரும் ஏற்றுக்கொண்டதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று. பேச்சு ஆங்கிலத்தில், அதிலும் பிரிட்டிஷ் அலுவலக ஆங்கிலத்தில், துக்கத்தின் அளவைப் பெரிய சொல்லால் காட்டுவது வழக்கமில்லை. சின்னச் சொல் ஒன்று, எவ்வளவு நாளாக இப்படி, இதனால் எது முடியாமல் போகிறது, இவை சேரும்போதுதான் கேட்பவருக்கு அளவு பிடிபடும். நமக்கு வேறு பழக்கம். "உயிரே போய்விட்டது", "நெஞ்சே வெடித்துவிடும்போல இருக்கிறது" என்று சாதாரணப் பேச்சிலேயே சொல்வோம், யாரும் அதை மிகை என்று நினைப்பதில்லை. அதே எடையில் ஆங்கிலச் சொல் தேடினால் "ஆங்குவிஷ்", "சாரோ", "டெஸ்பேர்" எல்லாம் வந்து நிற்கும். நல்ல சொற்கள்தான், இன்றும் எழுத்தில் புழங்குபவைதான். ஆனால் திங்கட்கிழமை காலை அழைப்பில் "ஐ ஆம் இன் ஆங்குவிஷ்" என்று சொன்னால் மேடை வசனம்போல ஒலிக்கும். எதிரே இருப்பவர் ஒரு நொடி என்ன செய்வதென்று தெரியாமல் திகைப்பார், அப்புறம் மனிதவளத் துறைக்குத்தான் எழுதுவார்.

நீங்கள் தேடும் நடுச்சொல் என்று ஒன்றை மட்டும் கேட்டால், "ஸ்ட்ரக்லிங்" என்பேன். "ஐ ஹேவ் பீன் ஸ்ட்ரக்லிங் சின்ஸ் மை ஃபாதர் டைடு." அப்பா போனதிலிருந்து தடுமாறிக்கொண்டிருக்கிறேன், சமாளிக்கப் பார்க்கிறேன், முழுதாக முடியவில்லை என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. நோயின் பெயர் இல்லை, வேலையை விட்டுவிட்டேன் என்ற தொனியும் இல்லை. இந்த வாக்கியத்தில் இலக்கணமும் பாதி வேலையைச் செய்கிறது. "ஐ ஆம் சேட்" என்பது இந்த நேரத்து நிலை. காலையில் பஸ் தவறியதற்கும் அப்படிச் சொல்லலாம். "ஐ ஹேவ் பீன்" என்று ஆரம்பித்து "சின்ஸ்" சேர்த்தவுடன், அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை விடவில்லை என்பது கேட்பவருக்குப் போய்விடுகிறது. என் மாணவிகள் பலர் சொல்லைத் தேடித் தேடிக் களைத்துப்போவார்கள். வினைச்சொல்லின் காலத்தை மாற்றினால் போதும் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். "ஐ ஆம் ஹேவிங் எ ஹார்ட் டைம்", "ஐ ஆம் ஃபைண்டிங் இட் ஹார்ட் டு கான்சன்ட்ரேட்" இரண்டும் இதே ரகம். "லோ", "டௌன்" என்ற சின்னச் சொற்களும் பயப்படாமல் சொல்லக்கூடியவை. "ஐ ஹேவ் பீன் ஃபீலிங் லோ" என்றால் மனசு கீழே கிடக்கிறது என்பது யாருக்கும் புரியும்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலேயர்கள் குறைத்துச் சொல்பவர்கள் என்பது பொதுவாக உண்மை. "எ பிட் லோ" என்று ஒருவர் சொன்னால் அந்த "எ பிட்", அதாவது ‘கொஞ்சம்’, கொஞ்சமாக இல்லாமலும் இருக்கலாம். "நாட் கிரேட்" என்றால் பெரும்பாலும் மோசம் என்று பொருள். ஆனால் எல்லா ஆங்கிலேயரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். வயது, ஊர், குடும்பம் எல்லாம் பொறுத்தது. உங்கள் மேலாளர் தன் கஷ்டத்தைப் பற்றிப் பேசும்போது எப்படிப் பேசுகிறார் என்று கவனித்திருந்தால், என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இன்னொன்று, "அண்டர் த வெதர்" என்பதை மனசு சரியில்லை என்ற பொருளில் நம் ஊரில் சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். அது லேசான உடம்பு சரியில்லாமைக்கு, ஜலதோஷம் மாதிரி.

"சேட்" ஏன் உங்களுக்குச் சின்னதாகப் படுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. எல்லாத் துக்கத்துக்கும் பொதுவாகப் புழங்கிப் புழங்கி அதன் முனை மழுங்கிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு வருத்தம் என்ற பொருளே கிடையாது. நிறைந்தது, திகட்டிப்போனது என்றுதான் பொருள். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லான "ஸாட்" இன்றும் வயிறு நிறைந்ததைத்தான் சொல்கிறது. நிறைந்தது, சலித்தது, கனத்தது, கடைசியில் வருந்தியது என்று பல நூற்றாண்டுகளில் பொருள் நகர்ந்து வந்திருக்கிறது. இதெல்லாம் மேலாளரிடம் பேச உதவாது என்று தெரியும். ஆனாலும் இப்படி ஒரு சொல்லின் பூர்வீகம் தெரிந்தால், அதை எங்கே வைப்பது என்ற கூச்சம் போய்விடுகிறது. வகுப்பில் நான் கண்டது அதுதான்.

"சாரோ"வும் "சாரி"யும் ஒரே வேரில் வந்தவை என்று கேட்டவுடன் தோன்றும். இல்லை. "சாரி" வந்தது வலி, புண் என்ற பொருளுள்ள "சோர்" என்ற சொல்லின் வழியில். "சாரோ" வேறு குடும்பம். அதன் ஜெர்மன் உறவான "ஸோர்க" கவலையைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டும் அருகருகே இருந்து ஒலியால் ஒட்டிக்கொண்டன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்" என்று அவர்கள் சொல்லும்போது நம்மவர்கள் பலர் குழம்புகிறார்கள். இவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார், நாம் "இட்ஸ் ஓகே" என்று மன்னிக்க வேண்டுமா என்று தடுமாறுகிறார்கள். அங்கே "சாரி" தன் பழைய பொருளில் நிற்கிறது, உங்கள் இழப்பு எனக்கும் வலிக்கிறது என்று. அதற்குப் பதில் "தேங்க் யூ" மட்டும்தான். "இட்ஸ் ஓகே" என்றால் தவறில்லை, ஆனால் பேச்சை அங்கேயே மூடச் சொல்வதுபோல ஆகிவிடும்.

மரணத்தால் வரும் துக்கத்துக்கு என்று தனியாக உள்ள சொல் "க்ரீஃப்". உங்கள் நிலைக்குப் பெயர் கேட்டால் இதுதான். லத்தீனில் கனம் என்று பொருள்படும் "கிராவிஸ்" என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நாம் மனசு பாரமாக இருக்கிறது என்கிறோமே, ஏறக்குறைய அதே பாரம். "சேட்" என்பதைவிடப் பெரியது, "டிப்ரஸ்டு" போல நோயைச் சுட்டாதது, யாரிடமும் கூச்சமில்லாமல் சொல்லக்கூடியது. "ஐ ஆம் ஸ்டில் க்ரீவிங்" என்று மேலாளரிடம் சொல்லிப் பாருங்கள். நான்கு மாதத்துக்கு அப்புறமும் அது முற்றிலும் இயல்பான வாக்கியம். கேட்பவருக்கு மருத்துவம் நினைவுக்கு வராது, உங்கள் அப்பாதான் நினைவுக்கு வருவார். ஆனால் இதே சொல் வேறு தொடர்களில் விளையாட்டாகவும் வரும். "குட் க்ரீஃப்!" என்பது ‘அடக் கடவுளே’ மாதிரி ஒரு சலிப்பு. "ஹி கேவ் மீ க்ரீஃப்" என்றால் குடைச்சல் கொடுத்தான். அதைக் கேட்டு யாரோ இறந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

"பிரீவ்டு" என்பது இழப்புக்குள்ளானவர்களைக் குறிக்கும் முறையான சொல். பழைய ஆங்கிலத்தில் அது கொள்ளையடிக்கப்பட்டது என்று பொருள்பட்ட சொல்லின் வாரிசு. மரணம் பறித்துக்கொண்டு போனது என்று நாம் சொல்வதும் அதே கற்பனைதான். விண்ணப்பத்தில், விடுப்புக் கடிதத்தில், "பிரீவ்மென்ட் லீவ்" என்ற வடிவில் இதைக் காணலாம். பிரிட்டனில் "கம்பேஷனட் லீவ்" என்றும் சொல்வார்கள். பேச்சில் "ஐ ஆம் பிரீவ்டு" என்று யாரும் தன்னைச் சொல்லிக்கொள்வது அபூர்வம். இதன் இரட்டைப் பிறவி "பிரெஃப்ட்". ஒரே வினைச்சொல்லின் இரண்டு வடிவங்கள் என்றாலும் வேலையைப் பிரித்துக்கொண்டுவிட்டன. மரணத்தால் ஆளை இழந்தவர் "பிரீவ்டு". எதையாவது அடியோடு இழந்து வெறுமையாக நிற்பவர் "பிரெஃப்ட்", "பிரெஃப்ட் ஆஃப் ஹோப்" என்பதுபோல. எழுத்தில் அழகான சொல் இரண்டாவது.

இப்போது "டிப்ரஸ்டு". மனிதவளத் துறை செய்ததை நீங்கள் கொஞ்சம் கோபமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. அந்தச் சொல் இரண்டு வாழ்க்கை வாழ்கிறது. தெருப்பேச்சில் மழை பெய்து மேட்ச் நின்றாலும் "டிப்ரஸ்டு" என்பார்கள். அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் அது நோயின் பெயர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின்படி, குறிப்பிட்ட ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். அவற்றில் சோர்ந்த மனநிலையோ, எதிலும் ஈடுபாடில்லாமையோ ஒன்று கட்டாயம். துக்கத்தையும் இந்த நோயையும் எங்கே பிரிப்பது என்பது மருத்துவர்களுக்குள்ளேயே தீர்ந்த வழக்கு அல்ல. நெருங்கியவர் இறந்து இரண்டு மாதத்துக்குள் வரும் சோர்வை நோயாக எண்ணாமல் விடலாம் என்று அந்தக் கையேட்டின் பழைய பதிப்பில் ஒரு விலக்கு இருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள், அதற்குக் கடும் வாக்குவாதம் நடந்தது. 2022-இல் வந்த திருத்தப் பதிப்பு, நீண்டுபோன துக்கத்தையே தனி நோயாகச் சேர்த்தது. பெரியவர்களுக்கு அதற்கு ஒரு வருடமாவது கடந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அதற்கு ஆறு மாதம். நான்கு மாதம் என்பது இரண்டு கணக்கிலும் உள்ளே வராது. ஆனால் உங்களுக்கு இருப்பது எது என்பதைத் தேதியை வைத்து நானோ நீங்களோ முடிவு செய்ய முடியாது. மொழிப் பக்கம் மட்டும் சொல்கிறேன். மருத்துவர் சொல்லாதவரை மேலாளரிடம் "டிப்ரஸ்டு" வேண்டாம், மருத்துவரிடம் போனால் தயங்காமல் அதையே சொல்லுங்கள்.

நம்பிக்கையிழப்புக்கு வருவோம். இங்கேதான் பள்ளங்கள் அதிகம். "ஹோப்லெஸ்" என்ற சொல்லுக்கு இரண்டு முகம். "ஐ ஃபீல் ஹோப்லெஸ்" என்றால் எனக்கு நம்பிக்கையே இல்லை. "ஐ ஆம் ஹோப்லெஸ்" என்றால், அதிலும் பின்னால் "அட் எக்ஸெல்" என்று ஏதாவது வந்தால், நான் ஒன்றுக்கும் லாயக்கில்லை. "ஹி இஸ் ஹோப்லெஸ்" என்பது அவர் துக்கத்தில் இருக்கிறார் என்பது அல்ல, அவர் உருப்படாதவர் என்பது. ஒரு "ஃபீல்" போட மறந்தால் தன்னைத் தானே திட்டிக்கொண்டதாகிவிடும். அடுத்தது "டெஸ்பரேட்". நம்பிக்கை அற்றுப்போதல் என்ற லத்தீன் வேரிலிருந்துதான் "டெஸ்பேர்", "டெஸ்பரேட்" இரண்டும் வந்தன. ஆனால் முதலாவது உட்கார்ந்துவிட்டது, இரண்டாவது ஓட ஆரம்பித்துவிட்டது. "டெஸ்பேர்" என்பது இனி ஒன்றுமில்லை என்று கைவிட்ட நிலை. "டெஸ்பரேட்" என்பது எதையாவது செய்து தப்பிக்கவேண்டும் என்ற பதைப்பு. "ஐ ஆம் டெஸ்பரேட் ஃபார் எ ஜாப்" என்றால் எப்படியாவது ஒரு வேலை வேண்டும். துக்கத்தைச் சொல்ல அது உதவாது.

கைவிட்டுப்போவதற்கு முந்தைய படிகளை ஆங்கிலம் ஓரளவு பிரித்து வைத்திருக்கிறது. முயற்சி தோற்று ஊக்கம் குறைந்தால் "டிஸ்கரேஜ்டு". மனசு விட்டுப்போனால் "டிஸ்ஹார்ட்டண்டு". தலை தொங்கி, பேசவே பிடிக்காமல் போனால் "டெஸ்பாண்டன்ட்". அடியில் "டெஸ்பேர்". இந்த வரிசை என் கணிப்பு. அகராதிகள் இப்படி டிகிரி போட்டு அளந்து சொல்வதில்லை, ஆங்கிலம் தாய்மொழியானவர்களே நடு இரண்டையும் மாற்றிப் போடுவார்கள். முதலாவதும் நான்காவதும் எங்கே நிற்கின்றன என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்காது. முதல் இரண்டும் பேச்சுக்கு ஏற்றவை, மூன்றாவது பெரும்பாலும் எழுத்தில் வரும். அடியைத் தொட்டதைப் பேச்சில் சொல்ல அவர்கள் தனிச்சொல்லைத் தேடுவதில்லை, வாக்கியமாகச் சொல்வார்கள். "ஐ கான்ட் சீ எ வே அவுட்", "வாட்ஸ் த பாயின்ட்?" என்று. கயிற்றின் நுனிக்கு வந்துவிட்டேன் என்று ஒரு மரபுத்தொடர் உண்டு. அமெரிக்கர்கள் அதை "ரோப்" என்றும் ஆங்கிலேயர்கள் "டெதர்" என்றும் சொல்வார்கள். ஆனால் அதில் துக்கத்தைவிட, இனிப் பொறுக்க முடியாது என்ற சலிப்புதான் தூக்கலாக இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியாது. நம்பிக்கையிழப்பு என்பதை மனநலத் துறையினர் வெறும் சொல்லாகக் கேட்பதில்லை. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1974-இல் இதற்கென்றே 20 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். தற்கொலை எண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களை அவரும் சகாக்களும் பல வருடம் பின்தொடர்ந்து 1985-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களை முன்கூட்டிக் காட்டியதில் மனச்சோர்வின் அளவைவிட நம்பிக்கையிழப்பின் அளவே கூடுதலாகப் பொருந்தியது என்பது அவர்கள் கண்டது. அதனால் "ஹோப்லெஸ்" என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு நல்ல செவிலியர் கையிலிருக்கும் வேலையை நிறுத்துவார். நிறுத்த வேண்டும் என்றுதான் நானும் கற்றுக்கொடுக்கிறேன். உங்கள் கேள்வியில் துக்கத்தோடு இந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். அது வெறும் மொழிச் சந்தேகமாக இருந்தால் சந்தோஷம். அப்படி இல்லாமல், வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் வந்து போகிறது என்றால், ஆங்கிலமே வேண்டாம். 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். பிரிட்டனில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்கு அங்கே சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 இருக்கிறது.

சரி, நம் ஊர் ஆங்கிலத்தின் பொறிகளுக்கு வருகிறேன். என் வகுப்பில் அதிக நேரம் போவது இதில்தான். "ஃபீல் பண்ணாதே" என்று தமிழில் சொல்கிறோம். தமிழுக்குள் வந்தபோது "ஃபீல்" என்ற சொல்லே வருத்தப்படுதல் ஆகிவிட்டது. அதை அப்படியே திருப்பி "டோன்ட் ஃபீல்" என்று ஓர் ஆங்கிலேயரிடம் சொன்னால், உணர்ச்சியே இல்லாமல் இரு என்று கட்டளையிட்டதாகிவிடும். "மூட் அவுட்", "மூட் ஆஃப்" இரண்டும் நம் நாட்டுச் சரக்கு, வெளியே செல்லாது. "பத்தெடிக்" இன்னும் ஆபத்தானது. பரிதாபமான நிலை என்ற பொருளில் நம்மவர்கள் "ஹிஸ் கண்டிஷன் இஸ் பத்தெடிக்" என்பார்கள். இன்றைய பேச்சில் அந்தச் சொல் பெரும்பாலும் இகழ்ச்சி, கேவலம் என்ற தொனியில்தான் காதில் விழும். ஒரு மாணவி பயிற்சியின்போது, மனைவியை இழந்த முதியவராக நடித்தவரிடம் "ஐ பிட்டி யூ" என்றார். அவர் மனதில் இருந்தது நூற்றுக்கு நூறு இரக்கம்தான். ஆங்கிலத்தில் அது மேலே நின்று குனிந்து பார்த்துச் சொல்வது. ‘பாவம் நீங்கள்’ என்பதற்கு அங்கே "ஐ ஆம் சோ சாரி" போதும்.

உடம்பை வைத்துச் சொல்வது அடுத்த சிக்கல். தமிழில் துக்கம் எங்கெங்கே வரும் என்பதற்கு வரைபடமே இருக்கிறது. நெஞ்சு அடைக்கும், வயிறு எரியும், தொண்டையில் துக்கம் நிற்கும், குலை நடுங்கும். இவற்றில் சில அப்படியே கடல் தாண்டும். தொண்டை அடைப்பதற்கு ஆங்கிலத்திலும் "எ லம்ப் இன் த த்ரோட்" உண்டு, பாரமான மனசுக்கு "ஹெவி ஹார்ட்" உண்டு. ஆனால் "மை செஸ்ட் இஸ் பிளாக்டு" என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் இ.சி.ஜி. எடுப்பார்கள். "மை ஸ்டமக் இஸ் பர்னிங்" என்றால் அமிலத்துக்கு மாத்திரை கொடுப்பார்கள். இது மொழிபெயர்ப்புத் தகராறு மட்டும் அல்ல. வேற்று நாட்டில் வயதான தமிழர்களின் துக்கம், கவனிக்கப்படாமல் நெஞ்சுவலியாகப் பதிவாகிற சாத்தியம் இதில் இருக்கிறது. அதனால் செவிலியர்களிடம் நான் இரண்டு கேள்வியும் கேட்கச் சொல்வேன், உடம்பில் வலிக்கிறதா, மனசில் வலிக்கிறதா என்று.

நான் எல்லோருக்கும் கற்றுக்கொடுக்கும் ஒரு சொல் உண்டு. எழுத்தில் கடைசியில் ‘பி’ இருக்கும், உச்சரிப்பில் இருக்காது, "நம்" என்று மட்டும் சொல்ல வேண்டும். மரத்துப்போனது என்று பொருள். ஊசி போட்ட பல் ஈறுக்கும் சொல்வார்கள், மனசுக்கும் சொல்வார்கள். அழுகை வரவில்லை, கோபம் வரவில்லை, ஒன்றுமே தோன்றவில்லை என்ற நிலையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. இறப்புக்குப் பிறகு முதல் சில வாரங்களைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலேயர்கள் அடிக்கடி எடுப்பது இதைத்தான். "எம்ப்ட்டி" என்பதும் அருகில் வரும்.

உங்கள் மேலாளர் வாயிலிருந்து நீங்கள் கேட்கக்கூடிய சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். "கட்டட்" என்பது பிரிட்டிஷ் பேச்சு வழக்கு, குடலை உருவியதுபோன்ற ஏமாற்றம். கால்பந்தில் தோற்றாலும், வேலை கிடைக்காமல் போனாலும் சொல்வார்கள். இரங்கல் கடிதத்தில் நீங்கள் எழுத வேண்டாம். "ஷேட்டர்டு" என்று அவர் சொன்னால் உடைந்துபோனார் என்று பதறாதீர்கள், பிரிட்டனில் பெரும்பாலும் அதற்கு அசந்துபோனேன் என்றுதான் பொருள். "மிஸரபிள்" வானிலைக்கும் வரும், சிடுமூஞ்சிக்கும் வரும். "டெவஸ்டேட்டட்" மட்டும் உண்மையிலேயே பெரியது. இறந்த செய்தி வந்த நாளைப் பற்றிச் சொல்லும்போது "வி வேர் டெவஸ்டேட்டட்" என்பது பேச்சிலும் எடுபடும். நான்கு மாதம் கழித்து இன்றைய நிலையைச் சொல்ல அது சரிப்படாது, ஏனென்றால் அது இடி விழுந்த கணத்துக்கான சொல்.

இலக்கியச் சொற்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பேச்சுக்கு அல்ல, ஆனால் படிக்கும்போது சுகமாக இருக்கும். "மெலங்கலி" என்றால் கிரேக்கத்தில் கரும்பித்தம். உடம்பில் நான்கு நீர்கள் ஓடுகின்றன, கருப்புப் பித்தம் மிகுந்தால் மனசு இருளும் என்பது அவர்களுடைய பழைய மருத்துவம். பித்தம் தலைக்கேறிவிட்டது என்று நாமும் மனசையும் பித்தத்தையும் முடிச்சுப் போட்டவர்கள்தானே, ஆனால் நம் பித்தம் கிறுக்கைக் கொண்டுவந்தது, அவர்களுடையது சோகத்தை. இன்று "மெலங்கலி" என்பது காரணம் தெளிவில்லாத, கொஞ்சம் இனிப்பும் கலந்த ஏக்கம். அப்பா இறந்ததற்கு அது பொருந்தாது. பழைய வீட்டைத் திரும்பிப் பார்க்கும்போது பொருந்தும். "டிஸ்மல்" என்ற சொல் எனக்குப் பிரியமானது. லத்தீனில் கெட்ட நாட்கள் என்ற தொடரிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பியப் பஞ்சாங்கத்தில் மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு 24 என்று ஆகாத நாட்களைக் குறித்து வைத்திருந்தார்கள். நம் காலண்டரில் இருக்கும் கரிநாள்தான், வேறென்ன. இப்போது மந்தமான வானத்துக்கும் மோசமான மதிப்பெண்ணுக்கும் அதைச் சொல்கிறார்கள். "ஃபர்லார்ன் ஹோப்" என்பதில் உள்ள "ஹோப்" நம்பிக்கையே அல்ல. டச்சு மொழியில் பலிகொடுக்க முன்னால் அனுப்பிய படைக்கு ‘இழந்த கூட்டம்’ என்று பெயர், அது ஆங்கிலக் காதில் நம்பிக்கையாக விழுந்துவிட்டது. இன்று கைகூடாத நம்பிக்கை என்றே பொருள் ஆகிவிட்டது. துயரம் என்று பொருள்படும் "வோ" பழையது, இப்போது பாதி கேலியாகத்தான் வரும். "டெஸலேட்" ஆளில்லாத நிலத்துக்கும் ஆளில்லாத மனசுக்கும் பொது.

கடைசியாக, இறந்ததைச் சொல்வது எப்படி என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். "எக்ஸ்பயர்டு" என்பது இந்திய அலுவலக ஆங்கிலத்தில் மரியாதையான சொல், மருத்துவக் குறிப்புகளில் மற்ற நாடுகளிலும் உண்டு. ஆனால் பொதுப் பேச்சில் அவர்களுக்குத் தேதி முடிந்த பால் பாக்கெட்டும் பாஸ்போர்ட்டும்தான் நினைவுக்கு வரும். "பாஸ்டு அவே" மென்மையானது. "டைடு" நேரடியானது, நம் காதுக்குக் கரடுமுரடாகத் தோன்றினாலும் அவர்களுக்கு அது மரியாதைக் குறைவு அல்ல. செவிலியர் பயிற்சியில் அதையே சொல்லச் சொல்வோம், பூசி மெழுகினால் உறவினர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஆபத்து இருப்பதால். "ஐ லாஸ்ட் மை ஃபாதர் இன்" என்று தொடங்கி மாதத்தைச் சொன்னால் அதுவும் நன்று.

அடுத்த வார அழைப்புக்கு இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "ஐ ஆம் ஸ்டில் க்ரீவிங் மை ஃபாதர். ஐ ஹேவ் பீன் ஸ்ட்ரக்லிங் டு ஃபோகஸ், எஸ்பெஷலி இன் த மார்னிங்ஸ். ஐ ஆம் கோப்பிங், பட் ஐ மே பி ஸ்லோவர் ஃபார் எ வைல்." துக்கத்தில் இருக்கிறேன், காலை வேளையில் கவனம் நிற்கவில்லை, சமாளிக்கிறேன், கொஞ்ச நாளைக்கு வேகம் குறையலாம். உண்மையில் சமாளிக்க முடிகிறது என்றால் மட்டும் "கோப்பிங்" என்று சொல்லுங்கள், முடியவில்லை என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு "ஐ நீட் சம் டைம் ஆஃப்" என்று போடுங்கள். காலை என்று நான் எழுதியது உதாரணத்துக்குத்தான். உங்களுக்கு எந்த நேரம் கஷ்டமோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள், மேலாளர் கூட்டங்களை அதற்கேற்ப மாற்றி வைக்க வழி கிடைக்கும்.